விண்டோஸை சாட்டா எஸ்எஸ்டியிலிருந்து என்விஎம்இக்கு மாற்றுவது பயன் தருமா?

கேள்வி:
வணக்கம். எனது மேசைக்கணினியில் விண்டோஸ் 11, 250 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியில் (கேபிள் வழியே இணையும், சுழலும் பாகமற்ற சேமிப்பு வட்டு) உள்ளது. படங்களைச் சேமிக்கப் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றும் இருக்கிறது. அண்மையில் 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (மதர்போர்டில் நேரடியாகப் பொருந்தும், அதைவிட வேகமான வகை) வாங்கினேன். விண்டோஸை அதற்கு மாற்றுவதா, காணொளித் தொகுப்பு வேலைக்கு மட்டும் அதை ஒதுக்குவதா என்று முடிவெடுக்க இயலவில்லை. சி டிரைவில் 14 ஜிபி மட்டுமே மீதமுள்ளது.

பதில் 1:
வேகம் மட்டுமே நோக்கம் என்றால் அவசரம் வேண்டாம். சாட்டா எஸ்எஸ்டி நொடிக்குச் சுமார் 550 எம்பி வரையும், பிசிஐஇ 3.0 என்ற இணைப்பில் இயங்கும் என்விஎம்இ சுமார் 3,500 எம்பி வரையும் படிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது பெரிய கோப்புகளைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது கிடைக்கும் வேகம். விண்டோஸ் துவங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் ஆங்காங்கே படிக்கப்படுவதாலும், பிராசஸரின் வேலையும் அதில் சேர்ந்திருப்பதாலும், வேறுபாடு பெரும்பாலும் சில நொடிகளைத் தாண்டாது. ஹார்ட் டிஸ்கிலிருந்து வருபவரின் நிலை வேறு. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வட்டில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி ஆகிறது. தேவையான இடம் படிக்கும் முனைக்கு நேராக வரச் சராசரியாகப் பாதிச் சுற்று காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு உங்களுக்கு ஏற்கெனவே நீங்கிவிட்டது.

பதில் 2:
வேகம் குறித்து மேலே சொன்னதை ஏற்கிறேன். எனினும், 14 ஜிபி என்பதே இங்கு முக்கியமானது. விண்டோஸின் பெரிய அப்டேட்டுகளுக்கு இடம் போதாமல் போகலாம். நிரம்பிய எஸ்எஸ்டியில் எழுதும் வேகமும் குறையும். ஆகவே மாற்றுங்கள் என்பதே என் கருத்து.

ஒரு எச்சரிக்கை. நான் விண்டோஸைப் புதிய வட்டுக்குக் குளோன் செய்து (அப்படியே நகலெடுத்து), கணினி நன்றாகத் துவங்குவதைக் கண்டு, மறுநாள் என் பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றினேன். துவக்கக்கூடிய வட்டு எதுவும் இல்லை என்ற ஒற்றை வரி மட்டுமே கருந்திரையில் நின்றது. முன்பு இரண்டு வட்டுகளும் இணைந்திருந்தபோது விண்டோஸை நிறுவியதால், துவக்கக் கோப்புகள் அடங்கிய இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்னும் தனிப் பகுதி ஹார்ட் டிஸ்கில் அமைந்துவிட்டது. விண்டோஸில் உள்ள டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியைத் திறந்து, அது உங்கள் கணினியில் எங்கே உள்ளது என்று முதலில் பாருங்கள்.

பதில் 3:
வட்டைப் பூட்டிப் பாதுகாக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயங்கினால், அந்தப் பூட்டைத் திறக்க உதவும் ரெக்கவரி கீயைத் தனியே எழுதி வைத்த பிறகே எதையும் தொடங்குங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. பார்த்தேன், 100 எம்பி அளவுள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷன் ஹார்ட் டிஸ்கில்தான் இருக்கிறது. எனவே குளோன் செய்யாமல், கோப்புகளைப் பேக்கப் எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டு வட்டுகளின் கேபிள்களையும் கழற்றிவிட்டு, என்விஎம்இயில் விண்டோஸைப் புதிதாக நிறுவப் போகிறேன்.