குட்டி ஹோஸ்டா அடியோடு அழுகுகிறது, காப்பாற்ற வழி உண்டா?

தோட்டத்தில் குட்டி ஹோஸ்டாக்கள் (இலை அழகுக்காக நிழலில் வளர்க்கும் செடி) ஒவ்வொன்றாகச் சாய்கின்றன. ரகம் ‘ப்ளூ மவுஸ் இயர்ஸ்’. மரநிழலில், காலை வெயில் மட்டும் படும் இடம். வசந்தத்தில் அருமையாகத் துளிர்த்தன. வெப்பமும் ஈரமும் சேர்ந்த பிறகுதான் இந்தத் தொல்லை.

வெளி இலைகள் முதலில் மஞ்சளாகின்றன. லேசாக இழுத்தாலே காம்பு கையோடு வருகிறது, அடி கொழகொழவென்று இருக்கிறது. மண்ணை ஒட்டி வெள்ளை நூல் மாதிரி படர்ந்து, அதில் கடுகு போலப் பழுப்பு உருண்டைகள். நத்தையோ என்று இரவில் டார்ச் அடித்துப் பார்த்தேன், இல்லை. இலையில் ஓட்டையும் இல்லை. தண்ணீரைக் குறைத்தேன், மூடாக்கை விலக்கினேன், அழுகிய இலைகளை அகற்றினேன். அப்புறமும் பக்கத்துச் செடிக்குப் பரவுகிறது. ஸ்கிளரோஷியம் பூஞ்சை என்றே சந்தேகப்படுகிறேன்.

நடுக்குருத்து இன்னும் கெட்டியாக இருக்கும் செடிகளைத் தோண்டி, வேரைக் கழுவி, புது மண் போட்ட தொட்டிக்கு மாற்றினால் பிழைக்குமா?