பிரெய்ன்ஸ்டார்மிங்கில் ஒரே ஐடியாவைச் சுற்றி வருகிறோம், என்ன செய்யலாம்?

கேள்வி: விளம்பர டீமில் ஆறு பேர். எவ்வளவு பேசினாலும் முதலில் சொன்ன ஐடியாவிலேயே நிற்கிறோம்.

பதில் 1: பேசுவதற்கு முன் எழுதுங்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருப்பதால் அவர்கள் யோசனை நழுவிவிடும். தனித்தனியே யோசித்தவர்களின் ஐடியாக்களைக் கூட்டினால் சேர்ந்து பேசிய குழுவைவிட அதிகம் என்று 1958-லேயே யேல் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. ஆளுக்கு 3 ஐடியா, 5 நிமிடம், பிறகு தாளை அடுத்தவருக்குத் தள்ளுங்கள். அவர் அதைப் பார்த்து இன்னும் 3 சேர்ப்பார். ஆறு சுற்றில் 108. பெரும்பாலும் குப்பைதான், பரவாயில்லை.

பதில் 2: பிரீஃபையும் (விளம்பரம் என்ன சொல்ல வேண்டும் என்ற குறிப்பு) பாருங்கள். "இளைஞர்களைக் கவர வேண்டும்" என்றால் எதுவும் தோன்றாது. யாருக்கு, எந்த ஒரே விஷயம் என்று ஒரு வரியில் வேண்டும். டிசைனர்கள் முதலில் பென்சிலில் 20 சின்ன ஸ்கெட்ச் போடட்டும். சாஃப்ட்வேரில் தொடங்கினால் ஃபான்ட் தேடியே நேரம் போகும்.

கேட்டவர்: மேனேஜரும் உட்காருவாரே?

பதில் 1: தாளில் பெயர் வேண்டாம். அவர் கடைசியில் பேசட்டும்.