மறு: ரிலீஃப் வால்வுக்கு ‘கலிங்கு’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். டிராக்டர் லோடரின் எண்ணெய் அழுத்தம் எல்லை மீறாமல் காக்கும் ரிலீஃப் வால்வை, ஏரியின் மிகுநீர் வழியும் ‘கலிங்கு’ என்ற பெயரால் அழைக்கலாம் என்று நான் சொன்னதற்கு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

> ‘நிவாரண வால்வு’ என்றே சிலர் எழுதுகிறார்களே, அது போதாதா?

போதாது ஐயா. நிவாரணம் என்றதும் நமக்குப் புயலும் வெள்ளமும்தான் நினைவுக்கு வருகின்றன. சிறு டிராக்டரின் முன் லோடர், அதாவது மண்ணை வாளியில் அள்ளித் தூக்கும் கை, பலமிழந்தால் எங்கெங்கே பார்ப்பது என்று ஒரு கையேடு எழுதிவருகிறேன். வரைவைப் படித்த ஓட்டுநர் ஒருவர், “இது எதுக்குங்க, ஆயில் குறைஞ்சா நிரப்புற வால்வா?” என்று கேட்டார். சொல்லே அவரை வேறு பக்கம் அனுப்பிவிட்டது.

அந்த வால்வு செய்யும் வேலையைப் பாருங்கள். பம்பு தள்ளும் எண்ணெயின் அழுத்தம் ஓர் எல்லையைத் தொட்டால், ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு அதுவே திறக்கும். மிஞ்சிய எண்ணெய் தொட்டிக்கே திரும்பிவிடும். ஏரியில் இந்த வேலையைச் செய்வது கலிங்கு. மதகை ஆள் திறக்க வேண்டும். கலிங்கு யார் கையும் படாமல் தானே வழியும். ஓட்டுநர் நெம்புகோலால் இயக்கும் வால்வு மதகு என்றால், இது கலிங்கு. ஸ்பிரிங்கின் இறுக்கம்தான் கலிங்கின் உயரம்.

> ஏரியில் இருப்பது உயரம், இங்கே இருப்பது அழுத்தம். ஒப்புமை இடறுகிறதே?

இடறவில்லை என்றே நினைக்கிறேன். அழுத்தத்தை அளக்கும் அலகு பார். 10 மீட்டர் உயர நீரின் அழுத்தம் ஏறக்குறைய 1 பார். 150 பார் என்பது 1,500 மீட்டர் உயர நீரின் அழுத்தம். உயரமும் அழுத்தமும் ஒரே கணக்கின் இரு முகங்கள்.

இந்தச் சொல்லை நான் விடாமல் பிடித்திருப்பதற்கு முதற்காரணம், பழுதையும் இதைக்கொண்டே விளக்கிவிடலாம் என்பது. லோடரைத் தூக்கும் 50 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டர் 150 பாரில் சுமார் 3 டன் விசையோடு தள்ளும். 100 பாரில் 2 டன்தான். ஸ்பிரிங் தளர்ந்தால் கலிங்கு தாழ்ந்துவிட்டது என்று பொருள். வால்வு அமர்ந்து மூடும் இருக்கையில் தூசி சிக்கி முழுதாக மூடாவிட்டால் கலிங்கில் உடைப்பு. ஏரி நிரம்பவே நிரம்பாது. வெறும் வாளி வழக்கமான வேகத்தில் ஏறும், மண்ணை அள்ளியதும் நின்றுவிடும்.

வெறும் வாளியே மெதுவாக ஏறினால் முதலில் வரத்தை, அதாவது பம்புக்கு வரும் எண்ணெயைப் பார்க்க வேண்டும்: எண்ணெய் மட்டம், உறிஞ்சு பக்க வடிகட்டி, அந்தப் பக்கத்து இணைப்புகள். எண்ணெய் நுரைத்திருந்தால் காற்று புகுகிறது. தேய்ந்த பம்பு கொஞ்சம் ஏமாற்றும். எண்ணெய் சூடேறிய பிறகே அதன் குறை நன்றாகத் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது, இதுதான் எனக்கு மிக முக்கியம். லோடர் தூக்கவில்லை என்றதும் பலர் கலிங்கின் திருகை இறுக்குகிறார்கள். அழுத்தமானி மாட்டாமல் அதைத் தொடவே கூடாது. கலிங்கின் மேல் மண்மூட்டை அடுக்கினால் நீர் கூடுதலாக நிற்கும், ஆனால் கரை உடையும். இங்கே உடைவது எண்ணெய் செல்லும் ஹோஸ். ‘நிவாரணம்’ என்ற சொல்லால் இந்த எச்சரிக்கையைத் தர முடியாது.

> எங்கள் பக்கம் கலிங்கை மறுகால் என்போம், சிலர் கோடி என்பார்கள்.

அவையும் நல்ல சொற்களே அம்மா. ‘கோடி’ எண்ணோடு குழம்பும். ‘மறுகால்’ என்பதை வால்வுக்கு வைக்காமல், அதன் வழியே திரும்பும் எண்ணெய்க்கு வைத்துக்கொள்ளலாமா? லோடர் முட்டி நிற்கும்போது கேட்கும் கிறீச்சொலியை ‘மறுகால் பாய்கிற சத்தம்’ என்று எழுதினால் யாருக்கும் புரியும்.

முழுப்பெயர் ‘அழுத்தக் கலிங்கு’. கையேட்டில் முதல்முறை மட்டும் ‘ரிலீஃப் வால்வு எனப்படும் அழுத்தக் கலிங்கு’ என்று எழுதப்போகிறேன். மெக்கானிக்கிடம் பேசும்போது பழைய பெயரும் வேண்டுமல்லவா.

ஒரு சொல் இன்னும் அமையவில்லை. சிலிண்டருக்குள் நகரும் பிஸ்டனைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் சீல் தேய்ந்து, சிலிண்டருக்குள்ளேயே எண்ணெய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நழுவுவதை ‘உட்கசிவு’ என்று வைத்திருக்கிறேன். ஆனால் கசிவு என்றால் ஓட்டுநர்கள் தரையில் எண்ணெய்ச் சொட்டைத் தேடுகிறார்கள். ‘உள்நழுவல்’ சரிவருமா? கூடவே, தூக்கி நிறுத்திய வாளி என்ஜினை அணைத்தபின் மெல்ல இறங்குவதற்கும் ஒரு சொல் தேவை. அதற்குப் பெரும்பாலும் காரணம் கட்டுப்பாட்டு வால்வின் தேய்மானம் என்பதால், இரண்டுக்கும் ஒரே சொல்லை வைக்க வேண்டாம்.