குளிர்க்காயமா, கூதல்வடுவா?

காரைக்குடியிலிருந்து:

அன்புடையீர், மகளிர் குழுக்களுக்கான குடைமிளகாய்க் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ‘சில்லிங் இஞ்சுரி’ என்னும் சொல்லில் வந்து நிற்கிறேன். குடைமிளகாயை 7 முதல் 10 பாகை செல்சியஸ் குளிரில், ஈரப்பதம் குறையாமல் வைத்தால் இரண்டு மூன்று வாரம் தாங்கும். அதற்கும் கீழான குளிரில் பல நாள் கிடந்தால், காய் உறையாமலே தோலில் குழிகள் விழுந்து, நீர் கோத்த திட்டுகள் தோன்றி, வெளியே எடுத்தபின் விரைவில் அழுகிவிடும். பழுத்த சிவப்பைக் காட்டிலும் பச்சைக்கே இது எளிதில் வரும். உறைந்து கெடுவது வேறு என்பதால் இரண்டுக்கும் ஒரே சொல் ஆகாது. ‘குளிர்க்காயம்’ என்று எழுதியிருக்கிறேன், பொருந்துமா?

தேவகோட்டைத் தமிழாசிரியர்:

ஒற்று மிக்கது சரியே. ஆனால் அச்சில் அந்தக் ‘க்’ விழுந்துவிட்டால் படிப்பவருக்குக் குளிர்காய்வதே நினைவுக்கு வரும், கேடு சுகமாகிவிடும். தவிர, காயம் சமையற்கட்டில் பெருங்காயம், சித்தர்களுக்கோ உடம்பு. சங்க இலக்கியத்தின் ‘கூதிர்’ நம் பக்கத்து மார்கழியில் ‘கூதல்’ என்று இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆகவே ‘கூதல்வடு’ என்க. இன்னொன்று: மிளகுக்குப் பழம்பெயர் கறி, யவனர் பொன்னொடு வந்து கறியொடு பெயர்ந்ததை அகநானூறு சொல்கிறது. அமெரிக்கக் கண்டத்துச் செடியைப் போர்த்துக்கீசியர் கொண்டுவந்த பின், உறைப்பை வைத்து அதற்கு மிளகின் பெயரை ஒட்டினோம். அந்த உறைப்பும் இல்லாத இதற்கு ‘மிளகாய்’ எதற்கு? ‘குடைகாய்’ போதும்.

கோட்டையூரில் காய்கறிக்கடை வைத்திருக்கும் உறுப்பினர்:

ஆசிரியர் ஐயா, ‘குடைகாய்’ என்று பலகையில் எழுதினால் கடையில் ஈ ஓட்டவேண்டியதுதான். பகல் 32 பாகையைத் தாண்டினால் பூ உதிர்ந்துவிடும் செடி என்பதால் நம் வெயிலில் அது சரிப்படுவதில்லை; ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களிலிருந்து வருவதைத்தான் விற்கிறேன். காம்பு பச்சையாகவும் தோல் விறைப்பாகவும் கையில் கனமாகவும் இருக்கிறதா என்று பார்த்து எடுக்கும் ஆச்சிமாருக்கு, வடு என்றால் மாவடு. மேலும், வடு ஆறிய புண்ணின் தடம். இதுவோ அழுகப்போகும் புண். ‘பயிர்ச்சேதம்’ எல்லோருக்கும் தெரிந்த சொல். ‘குளிர்ச்சேதம்’ என்று போடுங்கள், ஆச்சி. அதோடு, குளிர்ப்பெட்டியில் உறைபெட்டிக்கு அடுத்த தட்டில் வைக்காமல் அடித்தட்டில் வைக்கவும் சொல்லுங்கள். சொல்லைவிட அதுதான் காயைக் காப்பாற்றும்.

தேவகோட்டைத் தமிழாசிரியர்:

வள்ளுவர் ஆறாததையே வடு என்றார்.

காரைக்குடியிலிருந்து:

தனிமடலில் எழுதிய இருவரும் கடைக்காரர் பக்கமே நின்றதால், ‘குளிர்ச்சேதம்’ என்று நேற்றிரவு அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். குடைமிளகாய் குடைமிளகாயாகவே இருக்கிறது. அடித்தட்டுக் குறிப்பையும் சேர்த்துவிட்டேன்.

தேவகோட்டைத் தமிழாசிரியர்:

சேதம் வடசொல். ‘குளிர்க்கேடு’ என்றாவது போட்டிருக்கலாம். மெய்ப்பு இன்னும் கையில் இருக்கிறதா?