9 அடி லாங்போர்டின் அடிப்பக்கம்: குழிவா, வீயா?

நுரைத்தூள்

வணக்கம். கையால் ஷேப் செய்வதில் (நுரையைச் செதுக்கி வடிவமைப்பதில்) இது என் மூன்றாவது அலைச்சறுக்குப் பலகை. பெர்ஃபார்மன்ஸ் லாங்போர்டு (நன்றாகத் திருப்பி ஓட்டுவதற்கான நீளப் பலகை) என்றால் இதுதான் முதல். நீளம் 9 அடி 1 இன்ச், நடு அகலம் 22½ இன்ச், தடிமன் 2¾. அவுட்லைன் வெட்டியாயிற்று. ராக்கரும் (நீளவாக்கில் முனைகள் மேலே எழும் வளைவு) முடிந்தது: நோஸில் (முன்முனை) 4¾ இன்ச், டெயிலில் (பின்முனை) 3¼. அடிப்பக்கம் மட்டும் இன்னும் தட்டையாகக் கிடக்கிறது. ஃபின் (டெயிலின் அடியில் நிற்கும் துடுப்பு) நடுவில் பெரியது ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாகச் சின்னது இரண்டு.

என் எடை 78 கிலோ. பெரும்பாலும் இடுப்பு முதல் மார்பு உயரம் வரையான அலைதான். நன்றாகச் சாய்த்துத் திருப்ப வேண்டும். அலை இடம் கொடுத்தால் நோஸுக்கு நடந்து போகவும் வேண்டும். நோஸில் குழிவு, நடுவில் சிங்கிள் கான்கேவ் (அகலம் முழுக்க ஒரே குழிவு), டெயிலில் வீ (நடுவில் முகடு, இரண்டு பக்கமும் சரிவு) என்று மூன்றையும் போடலாமா? எது எவ்வளவு ஆழம்?

கடல்காகம்

நான் ஷார்ட்போர்டு மட்டும்தான் செதுக்குகிறேன். என்னைக் கேட்டால் முன்னாலிருந்து பின்னால் வரை ஒரே கான்கேவ், நடுவில் 4 மி.மீ. வேகம் நிச்சயம். வீ வேகத்தைத் தின்றுவிடும்.

பழைய பிளேனர்

கடல்காகம் சொல்வது ஷார்ட்போர்டுக்குப் பொருந்தும். 22½ இன்ச் அகலத்துக்கு வேண்டாம். அப்படி ஒன்றைச் செய்து ஒரு சீசன் முழுக்க ஓட்டியிருக்கிறேன். நேராகப் போகும்போது அருமை. திருப்பப் போனால், பின்காலை எவ்வளவு அழுத்தினாலும் சாய மறுத்தது. அகலமான டெயிலை இரண்டு ரெயிலும் (பக்க ஓரங்கள்) சேர்ந்து தாங்கிக்கொண்டன.

குழிவு செதுக்கும்போது நாம் உண்மையில் தொடுவது ராக்கரை. ஸ்ட்ரிங்கர் (பலகையின் நடுவே நீளவாக்கில் ஓடும் மரப்பட்டை) வழியே ராக்கர் குறைகிறது, ரெயிலில் இருப்பது அப்படியே இருக்கிறது. வேகம் அதிலிருந்துதான் வருகிறது. வீ நேர்மாறு. ஸ்ட்ரிங்கரை விட்டுவிட்டு ரெயில் பக்கம் நுரையை எடுக்கிறோம், ரெயிலில் ராக்கர் கூடுகிறது, நடு முகட்டின் மேல் பலகை இரண்டு பக்கமும் எளிதாகப் புரளும். வீக்குப் பிடிமானமும் உண்டு. 1937இல் ஹவாயில் ஜான் கெல்லியும் ஃப்ரான் ஹீத்தும் டெயிலைக் குறுக்கி அடியை வீயாக்கிய பலகைகளில் ஃபினே கிடையாது. செங்குத்தான அலையிலும் அவை வழுக்காமல் நின்றன.

உங்கள் பலகைக்கு நானாக இருந்தால்: நோஸ் குழிவு 3 மி.மீ, 24 இன்ச்சுக்குள் கரைந்துவிட வேண்டும். இன்னும் ஆழமாக்க ஆசை வரும், வேண்டாம். செங்குத்தாக இறங்கும்போது அதன் ஓரம் தண்ணீரைக் கவ்வும். நடுவில் தட்டை. டெயில் முனையிலிருந்து 30 இன்ச்சில் வீ தொடங்கட்டும். பக்க ஃபின்களுக்குச் சற்று முன்னால் 6 மி.மீ, அங்கிருந்து குறைந்து முனையில் 3. வீயின் இரண்டு பக்கமும் ஒன்றரை மி.மீ குழிவு கொடுத்தால் இழந்த வேகத்தில் கொஞ்சம் திரும்பும்.

நடுவில் சிங்கிள் கான்கேவ் வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. என் ஐந்தாவது லாங்போர்டில் 4 மி.மீ கான்கேவை 5 மி.மீ வீயில் கொண்டுபோய்ச் சேர்த்தேன், வெறும் ஆறே இன்ச் தூரத்துக்குள். குறுக்கே ஸ்ட்ரெயிட்எட்ஜ் (நேர்ச்சட்டம்) வைத்துப் பார்த்தபோது ஒவ்வோர் இடமும் கச்சிதம். நீளவாக்கில் வைத்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. தண்ணீரில் இறக்கினால் பலகை ஓடிக்கொண்டிருக்கும்போதே யாரோ பின்னாலிருந்து இழுப்பது போல இருந்தது. வீட்டுக்கு வந்து ஸ்ட்ரிங்கர் மேல் ஒன்றரை அடி ஸ்கேலை நீளவாக்கில் வைத்தேன். இரண்டு முனையும் பலகையைத் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் வெளிச்சம் தெரிந்தது. வெளிப்புறமாக வளைய வேண்டிய கோட்டில் ஒரு பள்ளம், அதன் பின்னால் ஒரு மேடு. கிளாஸ் (ஃபைபர்கிளாஸ் உறை) போட்டு முடித்த பலகை, ஒன்றும் செய்ய முடியவில்லை. மூன்றையும் போட்டே தீர வேண்டுமென்றால் கான்கேவ் 2 மி.மீக்கு மேல் போகாமல், அந்த மாற்றத்துக்கு இரண்டு அடியாவது கொடுங்கள்.

நுரைத்தூள்

மிக்க நன்றி. நடுவில் தட்டையாகவே விடுகிறேன். இரண்டு சந்தேகம். 6 மி.மீ வீ எடுத்தால் டெயிலில் ரெயில் அவ்வளவும் மெலிந்துவிடாதா? பக்க ஃபின்களின் சாய்வும் மாறுமா?

பழைய பிளேனர்

மெலியும். அதனால் வீயை முதலில் எடுங்கள், அப்புறம் டெக் (பலகையின் மேல்பரப்பு) பக்கம் வாருங்கள். டெயிலில் டெக் ஓரத்தை வழக்கமாக இறக்குவதைவிடக் குறைவாக இறக்கினால் போதும். ஸ்ட்ரிங்கரின் இரண்டு பக்கமும் 6 இன்ச்சுக்கு ஒரு பென்சில் கோடு போட்டு, இந்தப் பக்கம் எத்தனை தடவை பிளேனர் (இழைக்கும் கருவி) ஓட்டினீர்களோ அந்தப் பக்கமும் அதே எண்ணிக்கை. அறை விளக்கை அணைத்துவிட்டு, இடுப்பு உயரத்தில் பக்கவாட்டில் ஒரு விளக்கு மட்டும் வையுங்கள். கை தவறவிடுவதை நிழல் காட்டிவிடும்.

ரெசின்கை

ஃபின் பற்றி நான் சொல்கிறேன், பாக்ஸ் (ஃபினைச் செருகும் பெட்டி) பதிப்பதுதான் என் வேலை. பக்க ஃபின் இருக்கும் இடத்தில் ஸ்ட்ரிங்கரிலிருந்து ரெயில் வரை சுமார் 180 மி.மீ இருக்கும். அதில் 6 மி.மீ வீ என்றால் கிட்டத்தட்ட 2 டிகிரி. ஜிக் (குழி வெட்டும் ரவுட்டர் கருவிக்கு வழிகாட்டும் சட்டம்) அந்தச் சரிவின் மேலேயே உட்காருவதால் ஃபின் வெளிப்பக்கம் அவ்வளவு கூடுதலாகச் சாயும். 6 டிகிரி வேண்டுமானால் 4க்கு வையுங்கள். நடு பாக்ஸில் தொல்லை வேறு: வீயின் முகட்டில் ஜிக் ஆடும், குழி கோணலாகிவிடும். இரண்டு பக்கமும் ஒரே கனத்தில் மரச்சில்லு கொடுத்து, ஆட்டம் நின்ற பிறகு ரவுட்டரைத் தொடுங்கள்.