கணக்குத் தாளின் முன் உறைந்தவர்கள்: சில அனுபவங்கள்

பகிர்ந்தவர்: பொறியியல் கல்லூரிக் கணித விரிவுரையாளர், மதுரை

பதினாறு ஆண்டுகளாக முதலாமாண்டு மாணவர்களுக்கு 'எம்1' எனப்படும் முதல் பருவக் கணிதப் பாடம் எடுத்து வருகிறேன். "எனக்குக் கணக்கு வராது மேடம்" என்று முதல் வாரத்திலேயே வந்து நிற்பவர்களில் பலர் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்தில் நல்ல மதிப்பெண் பெற்றவர்கள் என்பது எனக்கு இன்றும் பழகிப்போகவில்லை.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு 2021இல் பொறியியலுக்கும் வந்த பிறகு, அதன் வழியே சேர்ந்த தமிழ்வழி மாணவி ஒருவர், முதல் உள்தேர்வில் பாதித் தாளை வெறுமையாகக் கொடுத்தார். எழுதியிருந்த கணக்குகளில் ஒன்று என்னை நிறுத்தியது. அணிகளைப் பற்றிய கெய்லி-ஹாமில்டன் தேற்றத்தைச் சரிபார்த்து, 'ஹென்ஸ்' நேர்மாறு அணியைக் காண்க என்பது வினா. அவர் பள்ளியில் கற்ற சேர்ப்பு அணி முறையில் நேர்மாறைக் கண்டுபிடித்திருந்தார். விடை மிகச் சரி. கேட்ட வழி அதுவல்ல என்று மதிப்பெண்ணைக் குறைத்தவள் நான்தான். 'ஹென்ஸ்' என்றால் 'அதிலிருந்து' என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை என்பது, தாளைத் திருப்பித் தந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். பக்க ஓரத்தில் கோடு கிழித்து, 'டிட்டர்மினன்ட் – அணிக்கோவை', 'டெரிவேடிவ் – வகைக்கெழு' என்று சிறிய எழுத்தில் தனக்கென ஓர் அகராதியே எழுதி வந்திருக்கிறார். மூன்றாம் வாரத்தோடு அது நின்றிருந்தது. "எழுதிக்கிட்டிருந்தா அடுத்த ஸ்டெப் போயிடுது மேடம்" என்றார். கேட்டிருக்கலாமே அம்மா என்றதற்கு, "எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

கணிதப் பதற்றத்தை அளக்க 1972இலேயே ரிச்சர்ட்சன், சுயின் என்ற இரு உளவியலாளர்கள் 98 கேள்விகள் கொண்ட அளவுகோலை உருவாக்கினார்கள். கணக்கின் இடைப்படிகளை மனத்தில் தாங்கிக்கொள்ள வேண்டிய நினைவின் இடத்தைப் பதற்றம் பிடித்துக்கொள்கிறது என்பதை ஆஷ்கிராஃப்ட், கிர்க் ஆகியோரின் 2001 ஆய்வு காட்டியது. இவை மண்டைக்குள் நடப்பதை விளக்குகின்றன. ஆனால் திரும்பிப் பார்க்கும் அறுபது முகங்களுக்கு யார் அதிகம் அஞ்ச வேண்டியிருக்கிறது என்பது, அந்தப் பிள்ளை எந்த வீட்டிலிருந்து, எந்தப் பள்ளியிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது என்றே நான் கருதுகிறேன்.

பகிர்ந்தவர்: முதல் தலைமுறைப் பட்டதாரி, திருவண்ணாமலை மாவட்டம்

அந்த மாணவியின் இடத்தில் நானும் இருந்தவன். அண்ணன் பத்தாவதோடு நிறுத்திவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனதால்தான் என்னைக் கல்லூரியில் சேர்க்க முடிந்தது. கணிதத் தேர்வு அறையில் வினாத்தாளைப் பிரித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சூத்திரமன்று, அண்ணனின் வாரச் சம்பளம். உள்ளங்கை வியர்த்து, விடைத்தாளின் கீழ் ஓரம் நனைந்து, பேனா மை பரவும்.

எம்1இல் அரியர் விழுந்தபோது வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் திட்டமாட்டார்கள், அரியர் என்றால் என்னவென்றே அவர்களுக்குத் தெரியாது என்பதுதான் பாரமாக இருந்தது. விடுதியில் என் அறைத்தோழன், இரவில் தன் அப்பாவைத் தொலைபேசியில் அழைத்துத் தொகையிடல் கணக்கில் சந்தேகம் கேட்பான். அந்த நேரத்தில் நான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுவேன். பொறாமை என்று சொல்லத் தோன்றவில்லை. ஒரு வீட்டில் இப்படியும் பேசிக்கொள்ள முடியுமா என்ற திகைப்பு அது.

மூன்றாம் முறை எழுதித் தேறிய ஒரு சீனியர் அண்ணன்தான் எங்கள் ஐந்து பேரை மொட்டை மாடியில் உட்காரவைத்து, ஆளுக்கொரு கணக்கைத் தமிழில் வாய்விட்டு விளக்கச் சொன்னார். தப்பாகச் சொன்னாலும் முடிக்கும்வரை யாரும் குறுக்கிடக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. அடுத்த முறை தேறினேன்.

பகிர்ந்தவர்: இரண்டாம் ஆண்டு மாணவி, சென்னை

என் அம்மா பள்ளிக் கணித ஆசிரியை. ஆறாம் வகுப்பிலிருந்தே டியூஷன். எனக்கும் இந்தப் பதற்றம் உண்டு, ஆனால் அது சாப்பாட்டு மேசையில் "எத்தனை மார்க்?" என்ற கேள்வியில் பிறந்தது. தோற்றால் எனக்கு அவமானம் மட்டும்தான், யாருடைய சம்பளமும் வீணாகாது. மேலே உள்ளதைப் படித்த பிறகு அந்த வேறுபாட்டை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது.

பகிர்ந்தவர்: மதுரை விரிவுரையாளர், மீண்டும்

மொட்டை மாடி பற்றிப் படித்ததும் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்ற கணிதவியலாளர் 1970களில் செய்த ஆய்வு நினைவுக்கு வந்தது. நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் பின்தங்குவதற்கு ஊக்கமின்மை, குடும்பம், வருமானம் என்று ஆசிரியர்கள் காரணம் அடுக்கியபோது, அவர் மாணவர்களோடு நெருங்கிப் பழகிப் பார்த்தார். கறுப்பின மாணவர்கள் கடுமையாகவே உழைத்தார்கள், ஆனால் தனியாக; சீன அமெரிக்க மாணவர்கள் கூடியமர்ந்து ஒருவர் விடையை ஒருவர் சோதித்தார்கள். கடினமான கணக்குகளைக் குழுவாகச் செய்யும் பட்டறைகளை அவர் தொடங்கியபின் நிலை பெரிதும் மாறியது.

நானும் வியாழன் மாலைகளில் அப்படி உட்காரவைக்கிறேன். பல்கலைக்கழக வினாத்தாளை என்னால் மாற்ற முடியாது என்பதால், 'ஷோ தட்', 'வெரிஃபை', 'ஹென்ஸ்' ஆகியவற்றை முதல் வாரத்திலேயே கரும்பலகையில் எழுதித் தமிழில் பொருள் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலவழியில் படித்து வந்தவர்களும் அதைக் குறித்துக்கொள்கிறார்கள்.