புதுப்பிப்பு: பின் ஓக் மரத்தில் இலைக்கருகல்

நியூ ஜெர்சி வீட்டு வாசலில் நிற்கும் பின் ஓக் (pin oak) என்ற ஓக் வகை மரத்தில் இலையோரம் கருகுகிறது, தண்ணீர் விட்டும் நிற்கவில்லை என்று போன வருடம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வறட்சி இல்லை, ஆய்வகத்துக்கு இலை அனுப்புங்கள் என்றவர் சொன்னதுதான் சரி. காரணம் சைலெல்லா ஃபாஸ்டிடியோசா என்ற பாக்டீரியா. தத்துப்பூச்சிகள் பரப்புகின்றன, மரத்துக்குள் நீர் ஏறும் குழாய்கள் அடைபடுகின்றன.

எதிர்பாராதது: ஜூனில் அனுப்பிய இலையில் ஒன்றும் தெரியவில்லை. ஆகஸ்ட் கடைசியில் அனுப்பியதில்தான் பிடிபட்டது. கருகல் நன்றாகத் தெரியும்போது அனுப்புங்கள்.

இந்த மே மாதம், இலை முழுதாக விரிந்தபின், மர நிபுணர் அடிமரத்தில் ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டார். கருகல் இரண்டு வாரம் தள்ளி வந்தது, குறைவாகவும் இருந்தது. ஆனால் நோய் போகாது. வருடாவருடம் போட வேண்டும். பட்ட கிளைகளை வெட்டி, வேரடியில் மரச்சீவல் மூடாக்கும் போட்டிருக்கிறேன்.